கம்பு நேப்பியர் முற்றிப்போவது ஏன்?

கேள்வி: நான்கு கலப்பினக் கறவை மாடுகளுக்கு 50 சென்டில் கோ 5 கம்பு நேப்பியர் போட்டிருக்கிறேன். தினம் 100 கிலோ அறுத்துப் போடுகிறேன். ஆனாலும் மாடுகள் தண்டை ஒதுக்குகின்றன, பாலும் இறங்கிவிட்டது. மீத்தேன் குறைவாக வரும் புல் இருக்கிறது என்கிறார்கள். புல்லை மாற்றலாமா?

பதில்: புல்லை மாற்ற வேண்டாம், புல் நிற்கும் பரப்பைக் குறையுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு அறுப்புக்கு 4 கிலோ என்று வைத்தால், 100 கிலோவுக்கு 25 சதுர மீட்டர் போதும். 50 சென்ட் என்பது சுமார் 2,025 சதுர மீட்டர். ஒரு சுற்று அறுத்து முடிக்க 81 நாள் ஆகிறது. வளர வளர எடையும் கூடும் என்பதால் சுற்று இன்னும் நீளும். இந்தப் புல்லின் மறுதாம்பை (அறுத்த தூரில் மறுபடி துளிர்ப்பதை) 45 நாளுக்கு ஒருமுறை அறுக்க வேண்டும். உங்கள் மாடுகளோ 80 நாள் புல்லைத் தின்கின்றன.

நன்கு உரமிட்ட 45 நாள் புல்லின் உலர் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். முற்றினால் இலை குறைந்து தண்டு தடிக்கும், லிக்னின் (செரிக்காத மரத்தன்மைப் பொருள்) ஏறும், புரதம் 7 சதவீதத்தை நோக்கி இறங்கும். அதற்கும் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து போதாது. நார் செரிக்கத் தாமதமாகும், வயிறு காலியாகாது, மாடு தீனியைக் குறைத்துவிடும்.

மீத்தேனும் இங்கேதான் பிறக்கிறது. நார் புளிக்கும்போது அசெட்டிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் உண்டாகும். ஆர்க்கியா நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவுடன் சேர்த்து மீத்தேனாக்க, மாடு அதை ஏப்பமாக வெளியேற்றுகிறது. இளம் இலையின் சர்க்கரை புளித்தால் புரோப்பியோனிக் அமிலம் கூடும். அது உருவாகும்போது ஹைட்ரஜன் செலவாகிவிடும். தீவனத்தின் மொத்த எரிசக்தியில் சுமார் 6.5 சதவீதம் மீத்தேனாகப் போகிறது என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோ உலர்பொருள் தின்னும் மாடு நாளுக்கு ஏறக்குறைய 200 கிராம் விடும். நல்ல புல் போட்டால் இந்த 200 பெரிதாகக் குறையாது. மாடு கூடுதலாகத் தின்பதால் சற்று ஏறவும் செய்யலாம். குறைவது லிட்டருக்கான அளவு: 8 லிட்டர் கறந்தால் 25 கிராம், 10 லிட்டர் கறந்தால் 20. மீத்தேனே வராத புல் என்று யாராவது கரணை விற்றால் வாங்காதீர்கள்.

மாற்றம் சுலபம்தான். கடைசி 45 நாளில் அறுத்த 28 சென்டை மட்டும் நேப்பியருக்கு வைத்துக்கொண்டு, அதில் முதலில் அறுத்த பாத்தியிலிருந்து மறுசுற்றைத் தொடங்குங்கள். முற்றி நிற்கும் 22 சென்டைத் தூரோடு பெயர்த்துவிட்டு வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனத்தை விதையுங்கள். 20 சென்டுக்கு ஒன்றரை கிலோ விதை போதும், வரிசைக்கு வரிசை 50 செ.மீ. விதைத்தோல் கடினம் என்பதால் அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. கொதித்த நீரை இறக்கி, சூடு 80 டிகிரிக்குத் தணிந்ததும் விதையை 3, 4 நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். முதல் அறுப்பு 90ஆம் நாள், பிறகு 40 நாளுக்கு ஒன்று. பராமரிப்பு சரியாக இருந்தால் மாட்டுக்குத் தினம் 5, 6 கிலோ தேறும். இதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மீத்தேனைக் குறைக்கும் என்பார்கள், ஆனால் சோதனை முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. புரதம் நேப்பியரைவிட வெகு அதிகம், அதற்காகவே போடலாம்.

இளம் புல் நல்லது என்று 30 நாளிலேயே அறுத்துவிடவும் கூடாது. தண்ணீர்தான் அதிகம் இருக்கும், சாணம் இளகும், யூரியா நிறைய போட்டிருந்தால் நைட்ரேட் நஞ்சாகும் ஆபத்தும் உண்டு, தூரும் சோர்ந்துபோகும். தினம் 2, 3 கிலோ வைக்கோலை நிறுத்தாதீர்கள். நேப்பியரின் ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இளம் புல்லில் அது கூடுதல் என்பதால் ஒவ்வொரு மாட்டுக்கும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். தண்டை ஓர் அங்குலத்துக்கு நறுக்கிப் போட்டால், அதை ஒதுக்கி இலையை மட்டும் பொறுக்க மாட்டால் முடியாது.