காடு விடும் வாயுவைக் கணக்குப் போடும் வேலை: பி.எஸ்சி.யில் எதைச் சேர்ப்பது?

காடுகள் விடும் வாயுக்களைக் கணினியில் கணக்கிடும் மாடலிங் ஆராய்ச்சிக்குப் போக மகளை எந்த பி.எஸ்சி.யில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. பருவநிலை ஆராய்ச்சி என்றதும் பலரும் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஓடுகிறார்கள். மாடலிங் பக்கம் போக நினைப்பவருக்கு அது சுற்றுவழி. இயற்பியலில் சேருங்கள், கிடைக்காவிட்டால் கணிதம். தாவரவியலைப் பிறகு படித்துக்கொள்ளலாம், வகைக்கெழுச் சமன்பாட்டை அப்படிப் பிடிப்பது கடினம்.

உலகின் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் கரிம வாயுக்களை வெளிவிடுகின்றன. அதில் ஏறக்குறைய பாதி ஐசோபிரீன். வாகனப் புகையோடு வெயிலில் சேர்ந்தால் அது ஓசோனை உண்டாக்கும். சூடு ஏறினால் சுரப்பு கூடும், கரியமில வாயு ஏறினால் குறையும், காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தால் மறுபடி கூடும். இந்த இழுபறியைப் பல பத்தாண்டுகளுக்குக் கணக்கிடுவதுதான் வேலை. பரவலாகப் பயன்படும் மாடல் மெகான் (MEGAN), ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது.

இந்த வேலை பிடிக்குமா என்று விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இ.ஆர்.ஏ.5 (ERA5) என்ற கடந்தகால வானிலைத் தரவு இலவசம். ஒரே ஓர் இடத்துக்கு ஓராண்டு மணிவாரி வெப்பநிலையும் சூரியக் கதிர்வீச்சும் எடுத்தால் 8,760 வரிகள். சாதாரண லேப்டாப்பும் பைத்தானும் போதும். கதிர்வீச்சு ஒரு மணி நேரத்துக்குச் சேர்ந்த ஜூலாக வரும், ஒரு மணியின் வினாடிகளான 3,600ஆல் வகுக்காவிட்டால் எல்லாமே அபத்தம். ஐசோபிரீனை 30 டிகிரியில் 1 என்று வைத்தால் 40இல் ஏறக்குறைய 2, 20இல் கால் பங்குக்குச் சற்று மேல். இரவில் வெளிச்சம் இல்லை, சுரப்பும் இல்லை. அதனால் மணிவாரியாகப் போட்ட கணக்கும் நாள் சராசரியில் போட்ட கணக்கும் ஒத்துப்போகாது. ஏன் என்று தோண்டத் தோன்றினால் இந்தத் துறை அவருக்கு ஒத்துவரும். சலிப்பு தட்டினால் இப்போதே தெரிந்தது நல்லது.

தேர்ந்தவர்களே சறுக்கும் இடங்கள் உண்டு. ஒரு கட்டுரை ஐசோபிரீன் எடையைச் சொல்லும், இன்னொன்று அதிலுள்ள கார்பன் எடையை மட்டும் சொல்லும். ஐசோபிரீனின் மூலக்கூற்று எடை 68, அதில் கார்பன் 60, அதாவது 13 சதவீத வித்தியாசம். இதைவிட நயவஞ்சகமானது மாடலுக்குள் கொடுக்கும் இலைப்பரப்புத் தரவு. மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் தரவு 2000இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது வேறு செயற்கைக்கோள் கருவி. இரண்டையும் அப்படியே ஒட்டினால் அந்த இடத்தில் ஒரு படிக்கட்டு விழும். அதைப் பருவநிலை மாற்றம் என்று எழுதிவிட்டால் மதிப்பீட்டாளர் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே லினக்ஸ் பழகட்டும். கடைசி ஆண்டில் ஐ.ஐ.டி. போன்றவற்றின் எம்.எஸ்சி.க்கான ஜாம் (JAM) நுழைவுத்தேர்வு. கொச்சின் பல்கலையில் எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. பிஎச்.டி.க்குப் புனே ஐ.ஐ.டி.எம். (இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம்), பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்) இரண்டையும் பாருங்கள். நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டுவாடகைப் படியும் வரும், படிப்புக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்த ஆராய்ச்சியின் பெயரில் நேரடி வேலைகள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஎச்.டி.க்குப் பின் சில ஆண்டுகள் வெளிநாட்டில் ஒப்பந்த ஆராய்ச்சி வழக்கம். ஆனால் காற்றுத்தர முன்னறிவிப்பு, காப்பீட்டு நிறுவனங்களின் பருவநிலை இடர் மதிப்பீடு ஆகியவற்றுக்கு இதே கணக்கும் இதே நிரலும்தான் தேவை. 30 வயதுக்குள் நிலையான சம்பளம் வேண்டும் என்பது வீட்டின் நிலைமையானால், எம்.எஸ்சி.யோடு அந்தப் பக்கம் திரும்பும்படி இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.