மெய்நிகர் உதவியாளருக்கு முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்?

மெய்நிகர் உதவியாளர் (வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகப் பிறரின் அலுவலக வேலைகளைச் செய்து தருபவர்) பணிக்கான பயிற்சியை முடித்து, வேலை தேடித் தரும் இணையத்தளங்களில் கணக்கும் தொடங்கிய பிறகும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய தன்விவரக் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். மின்னஞ்சல் மேலாண்மை, தரவு உள்ளீடு, சமூக ஊடகம், வடிவமைப்பு, கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு என எல்லாப் பணிகளையும் செய்து தருவதாக அதில் இருக்கிறது. உங்களிடம் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. பதில் வராததற்கு இந்தப் பட்டியல்தான் காரணம் என்பது என் கணிப்பு. உதவியாளரைத் தேடுகிறவர் ஏற்கெனவே வேலைப்பளுவில் திணறிக்கொண்டிருப்பவர்; எந்த வேலையை உங்களிடம் ஒப்படைக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கவும் அவருக்கு நேரமில்லை. அந்த யோசனையை அவருக்காக நீங்களே செய்து வைக்க வேண்டும்.

ஆகவே ஒரு வகை வாடிக்கையாளரையும், அவருக்கு வாரந்தோறும் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு தொல்லையையும் தேர்ந்தெடுங்கள். தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகர்களுக்குச் சந்திப்பு நேரம் குறித்துத் தருவதாகவோ, பாட்காஸ்ட் நடத்துபவர்களுக்கு விருந்தினர்களுடனான கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பதாகவோ, இணையக் கடை வைத்திருப்பவர்களுக்கு "என் பொருள் எப்போது வரும்" என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாகவோ அது இருக்கலாம். மற்ற வேலைகள் உங்களுக்குத் தெரியும் என்பது வீணாகாது. உள்ளே நுழைந்த பிறகு வாடிக்கையாளரே அவற்றைக் கேட்பார்.

அனுபவம் இல்லாதவரை யார் நம்புவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அனுபவச் சான்று இல்லாத இடத்தில் மாதிரி வேலை பேசும். கற்பனையான ஓர் ஆலோசகருக்கு ஒரு நாளில் வந்ததாக நாற்பது மின்னஞ்சல்களை நீங்களே எழுதி, அவற்றை "இன்றே முடிவு வேண்டும்", "நீங்கள் மட்டுமே பதிலளிக்க முடியும்", "நான் வரைவு எழுதி வைத்திருக்கிறேன்", "படித்தால் போதும்" என்று நான்காகப் பிரித்து, மூன்றாம் வகையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பதில் வரைவையும் சேர்த்து ஒரே ஆவணமாக வையுங்கள். அதை மேலோட்டமாகப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்பதை அது அப்பட்டமாகக் காட்டிவிடும். பயிற்சிச் சான்றிதழ் அதைக் காட்டாது.

சந்திப்பு நேரம் குறிக்கும் வேலையைத் தேர்ந்தெடுத்தால், பலரும் சறுக்கும் ஓர் இடத்தை மாதிரியில் காட்டுங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்துகிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அது மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கிறது. இடைப்பட்ட இரண்டு அல்லது மூன்று வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையிலான வேறுபாடு 5 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரமாகக் குறைந்துவிடும். அந்த வாரங்களில் வழக்கமான கூட்டங்கள் கலைந்துபோவதை அனுபவித்த எவரும், இதை முன்கூட்டியே கவனித்து எச்சரிக்கும் உதவியாளரைத் தவறவிட மாட்டார்.

தேடலை அறிமுகமானவர்களிடமிருந்து தொடங்குங்கள். முன்னாள் ஆசிரியர், உறவினரின் சிறு தொழில், நீங்கள் தொண்டு செய்த அமைப்பு ஆகியோருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும், வேலை கிடைக்காது. "தனியாகத் தொழில் செய்துகொண்டு, சந்திப்புகளைச் சமாளிக்க முடியாமல் தவிக்கும் யாரையாவது தெரியுமா" என்று கேட்டால், படிப்பவரின் மனத்தில் ஒரு முகம் தோன்ற வாய்ப்புண்டு.

பைவர் (Fiverr), அப்வொர்க் (Upwork) ஆகியவை தனிநபர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் வேலைத் தளங்கள். பைவரில் உங்கள் சேவையை விலையிட்டு வைத்துவிட்டு வாங்குபவருக்காகக் காத்திருப்பதே வழக்கமான முறை. அப்வொர்க்கில் வெளியாகும் வேலைகளுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். மதிப்புரை எதுவும் இல்லாத புதியவருக்கு இரண்டாவதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். தளக் கட்டணத்தைக் கணக்கிட்டே விலை சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, பைவர் விற்பவரின் வருமானத்தில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. விண்ணப்பங்கள் குவியும்போது ஒவ்வொன்றிலும் தொடக்க வரிகளுக்கு மேல் யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. அந்த வரிகளை "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி" என்று செலவழிக்காதீர்கள். "உங்கள் விளம்பரத்தில் மூன்று நேர மண்டலங்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; அடுத்த இரண்டு வாரத்துக்கான மாதிரி அட்டவணை ஒன்றைத் தயாரித்து இணைத்திருக்கிறேன்" என்று தொடங்குங்கள். ஒரே விண்ணப்பத்தை ஐம்பது பேருக்கு ஒட்டி அனுப்புவதைவிட, ஒரு நாளைக்கு இரண்டு விண்ணப்பங்களை இப்படி எழுதுவது மேல்.

உரையாடல் தொடங்கியதும் வாடிக்கையாளருக்கு எழும் முதல் அச்சம், முன்பின் தெரியாதவரிடம் அஞ்சல் பெட்டியைத் திறந்துவிடுவதா என்பதுதான். அதை அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள். ஜிமெயிலில் கடவுச்சொல்லைத் தராமலே மற்றொருவருக்கு அணுகல் அளிக்கும் வசதி இருக்கிறது. அவ்வாறு அணுகல் பெற்றவர் அஞ்சல்களைப் படிக்கவும் அனுப்பவும் முடியுமே தவிர, கடவுச்சொல்லை மாற்ற முடியாது. கூகுள் நாட்காட்டியையும் அவ்வாறே அளவிட்ட உரிமையுடன் பகிரலாம். "உங்கள் கடவுச்சொல் எனக்கு வேண்டாம், இந்த வழியில் அணுகல் தாருங்கள்" என்று படிப்படியாக விளக்கும் புதியவர், பழைய மதிப்புரைகள் பல வைத்திருப்பவரையும் சில நேரம் முந்திவிடுகிறார்.

இலவசமாக வேலை செய்து காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. மாதிரி வேறு, கூலியில்லா வேலை வேறு. ஒரு வாரம், குறிப்பிட்ட மணி நேரம், குறைந்த ஆனால் உண்மையான கட்டணம் என்று சிறு சோதனைக் காலத்தை நீங்களே முன்மொழியுங்கள். அப்வொர்க்கில் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால், முதல் கட்டத்துக்கான பணத்தை வாடிக்கையாளர் தளத்தில் செலுத்திவிட்டாரா என்பதைப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

உங்கள் பெற்றோர் இதை மோசடியோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய அச்சம் வீண் அல்ல. பதிவுக் கட்டணம் அல்லது பயிற்சி வைப்புத்தொகை கேட்பவர், ஒப்பந்தத்துக்கு முன்பே டெலிகிராமுக்கு வரச் சொல்பவர், உங்கள் தளக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர், கூடுதல் தொகையை அனுப்பிவிட்டு மீதியை வேறொருவருக்கு மாற்றச் சொல்பவர் ஆகியோருக்குப் பதில் எழுதவே வேண்டாம். வேலைக்கான பணம் வாடிக்கையாளரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் எதிர்த்திசையில் போகக் கூடாது.

சோதனை வாரத்தின் இறுதி நாளில், முடித்தவை, நிலுவையில் உள்ளவை, அவர் முடிவெடுக்க வேண்டியவை ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அதே கடிதத்தில் அடுத்த மாதத்துக்கான மணி நேரம், கட்டணம், பணம் தரும் நாள் ஆகியவற்றையும் குறிப்பிட்டு, தொடர விருப்பமா என்று கேளுங்கள். அவர் தொடராவிட்டாலும், செய்த வேலையைப் பற்றி இரண்டு வரி மதிப்புரை எழுதித் தர முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கு விவரங்கள் நினைவில் இருக்காது.