ஐபிஎல்லில் இம்பாக்ட் பிளேயர் விதியை எடுத்துவிட வேண்டுமா? அதனால் அணித் தேர்வில் என்ன மாறியிருக்கிறது?

எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பவுலர்கள் பாவம், ஸ்கோர் கண்டபடி ஏறுகிறது என்று வழக்கமாகச் சொல்வார்களே, அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. டீம் எடுக்கிறவனின் புத்தியை அந்த விதி மாற்றிவிடுகிறது, அதுதான் என் குறை. டீம் எடுக்கிறவன் என்றால் நானும் ஒருவன்தான். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் எங்களுடையது சின்ன ஊர். அந்த ஊர் டென்னிஸ் பால் டீமுக்குப் பதினோரு வருஷமாகப் பேர் எழுதிக் கொடுப்பது நான். சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் மாநில அணிகள் ஆடுகிற சையது முஷ்டாக் அலி இருபது ஓவர் கோப்பையில் ஒத்திகை பார்த்துவிட்டு 2023-ல் ஐபிஎல்லுக்குக் கொண்டுவந்தார்கள். டாஸ் போட்ட பிறகு பதினோரு பேரோடு ஐந்து மாற்று ஆட்களின் பேரையும் கொடுக்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவரை இன்னிங்ஸ் தொடங்கும் முன்போ, நடுவில் ஓவர் முடிந்ததுமோ, விக்கெட் விழுந்ததுமோ இறக்கலாம். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. வந்தவர் முழு ஆள், பேட்டும் பிடிக்கலாம், நான்கு ஓவரும் போடலாம். முதல் மேட்சிலேயே சென்னை அம்பதி ராயுடுவை உட்கார வைத்து துஷார் தேஷ்பாண்டேயை இறக்கியது. குஜராத் பக்கம் காலில் அடிபட்ட வில்லியம்சனுக்குப் பதில் நம்ம சாய் சுதர்சன் வந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் அன்றைக்குக் கைதட்டினேன்.

விதி மாறினால் டீம் மாறும் என்பதை நான் ஐபிஎல்லில் கற்றுக்கொள்ளவில்லை, உளுந்து வயலில் கற்றுக்கொண்டேன். எங்கள் திடலின் லெக் சைடு பூராவும் வயல். தையில் சம்பா அறுப்பதற்கு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தோடு உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு பார்த்தால் தாளுக்கு நடுவே குட்டி குட்டியாக முளைத்து நிற்கும். நாங்கள் மேட்ச் ஆரம்பிக்கிற மாசி பங்குனியில் அது பூவும் பிஞ்சுமாக இருக்கிற நேரம். பந்து அதற்குள் போனால் நாலு பேர் நாலு பக்கமாகப் பாய்வான்கள், செடி மிதிபடும். ஒருநாள் வயல்காரர் மண்வெட்டியோடு வந்து பிட்ச் நடுவில் நின்றார். “ஒரு செடியில எத்தன காயிருக்கும், சொல்லுங்கடா பாப்போம்” என்றார். ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றைக்கு சாயங்காலமே விதி போட்டோம். உளுந்து வயலில் உருண்டு போனால் இரண்டு ரன், அதோடு சரி. தூக்கி அடித்து நேராக உள்ளே விழுந்தால் அவுட். பந்தை எடுக்க ஒரே ஆள், அதுவும் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

அடுத்த வாரமே என் டீமில் இரண்டு பேருக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டு பேருமே எந்தப் பந்து வந்தாலும் லெக் சைடு தூக்குகிறவர்கள், அதற்கு முந்தின வாரம் வரை எங்கள் ஊர் ஹீரோக்கள். எட்டாவதாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பையன், தட்டிவிட்டு ஓடுகிறவன், மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டான். யாருடைய ஆட்டமும் ஒரே வாரத்தில் கூடவுமில்லை குறையவுமில்லை. ஒரு மனுஷன் மண்வெட்டியோடு வந்தார், அவ்வளவுதான்.

பெரிய கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ஒருநாள் போட்டியில் 2011 அக்டோபரில் இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து என்று ஆக்கினார்கள். பந்து பழசாக வழியில்லாமல் போனதும் கடைசி ஓவர்களில் ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்தை வளைய வைப்பது) போடுகிற ஆளுக்கு இருந்த மதிப்பு இறங்கியது. 2025 ஜூலையில்தான், 34 ஓவர் முடிந்தால் இரண்டில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போடுங்கள் என்று மாற்றினார்கள். மாற்று ஆள் விஷயமும் புதுசு இல்லை. 2005-ல் ஐசிசி சூப்பர் சப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். டாஸுக்கு முன்னாடியே, முதலில் பேட்டா பவுலிங்கா என்று தெரியாமலே, மாற்று ஆளின் பேரைச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்ததால் டாஸ் ஜெயித்தவனுக்குப் பன்னிரண்டு பேர், தோற்றவனுக்குப் பதினோரு பேர் என்கிற மாதிரி ஆகி, சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். ஐபிஎல்காரர்கள் அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

அடைக்காத ஓட்டை ஆல்ரவுண்டர். அரைகுறை பேட்டிங், அரைகுறை பவுலிங் என்று ஒருவரை ஏன் எடுக்கிறோம்? பதினோரு இடத்துக்குள் ஆறு பேட்ஸ்மேனும் ஆறு பவுலரும் வேண்டும், இடம் போதாது, அதனால் எடுக்கிறோம். பன்னிரண்டாவது இடம் கிடைத்துவிட்டால் அந்த நெருக்கடியே இல்லை. ரோஹித் சர்மா 2024-லேயே இதை வெளிப்படையாகச் சொன்னார், சிவம் துபேயும் வாஷிங்டன் சுந்தரும் பந்து போடாமலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. (இதே ரோஹித் 2023-ல் ஓவலில் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை வெளியே உட்கார வைத்து 209 ரன்னில் தோற்றார். அந்த ஐந்து நாளும் எங்கள் ஊர் டீக்கடையில் அவரைத் திட்டாத ஆள் இல்லை, நானும் சேர்த்துத்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.)

வாஷிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட், அப்புறம் 62 ரன். நாலு வருஷம் கழித்து 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜாவோடு கடைசி வரை நின்று, 101 அவுட்டில்லாமல் அடித்து மேட்சை டிரா பண்ணினார். நடுவில் அதே 2025 ஐபிஎல்லில் குஜராத் அவரைப் பாதிக்கு மேற்பட்ட மேட்சில் வெளியேதான் வைத்திருந்தது. டெஸ்டில் இந்தியாவுக்கு வேண்டியவர், இருபது ஓவர் மேட்சில் ஐபிஎல் டீமுக்கு வேண்டாதவர். அவர்கள் கணக்கில் அவர் முழு பேட்ஸ்மேனும் இல்லை, முழு பவுலரும் இல்லை.

இதற்கு குஜராத்தைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நான் செய்ததும் அதேதான்.

2024 கோடையில் பக்கத்து ஊரில் டோர்னமென்ட். அவர்கள் கிரவுண்டு ஆற்றுக்குள்ளேயே, மேட்டூர் திறக்கும் வரை மணல்தானே. எட்டு ஓவர் மேட்ச், ஒரு ஆள் இரண்டு ஓவருக்கு மேல் போடக் கூடாது. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘ஐபிஎல் போல் இம்பாக்ட் பிளேயர் உண்டு’ என்று போட்டிருந்தார்கள். வெளியூர் ஆளை இறக்கிவிடுகிறார்கள் என்று ஏற்கெனவே எல்லார் ஆதார் ஜெராக்ஸையும் வாங்கிப் பார்ப்பார்கள், அந்த வருஷம் பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு ஜெராக்ஸ்.

என் சித்தப்பா மகன் ஒருத்தன் ஆறு வருஷமாக டீமில் இருந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். ஏழாவதாக இறங்குவான், நடுவில் மெதுவாக இரண்டு ஓவர் போடுவான், லாங் ஆனில் நிற்பான். ஸ்கோர் நோட்டைப் புரட்டினால் அவன் பேருக்கு நேரே பெரும்பாலும் எட்டு ரன், ஒன்பது ரன், ஒரு விக்கெட், இப்படித்தான் இருக்கும். அவனை எங்கள் பசங்க ‘சாம்பார்’ என்று கூப்பிடுவார்கள், எல்லாத்துக்கும் வேண்டும், தனியாகக் கேட்டு வாங்க மாட்டார்கள். டீக்கடையில் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பேர் எழுதிக்கொண்டே வந்தேன். முதலில் பேட் பிடித்தால் அடிக்கிற பையன் ஒருத்தன், பவுலிங் வந்ததும் அவனை எடுத்துவிட்டு வேகமாகப் போடுகிற பையன் ஒருத்தன். இரண்டு வேலைக்கும் நல்ல ஆள் கிடைத்தாயிற்று, இவனுக்கு எங்கே இடம்? பன்னிரண்டு பேர் எழுதி முடித்தபோது அதில் அவன் இல்லை. ராத்திரி போன் பண்ணிச் சொன்னேன். “சரிண்ணே” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “ஸ்கோர் நோட்டு நான் எழுதவா?” என்று கேட்டான்.

மறைக்காமல் சொல்கிறேன், முதல் இரண்டு மேட்ச் அந்த விதியால்தான் ஜெயித்தோம். அடிக்கிற பையன் 31 எடுத்தான், வேகப் பையன் இரண்டு ஸ்டெம்பைப் பிடுங்கினான். நான் பெரிய மூளைக்காரன் மாதிரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

அரையிறுதியில் மாட்டிக்கொண்டோம். நாலு பவுலர், ஆளுக்கு இரண்டு ஓவர், கணக்கு கச்சிதம். ஆனால் மூன்றாவது ஓவரில் ஒரு பவுலர் 24 கொடுத்துவிட்டான். பந்து வியர்வைக் கையில் நிற்கவில்லை, வைடுக்கு மேல் வைடு, முகம் செத்துப்போயிற்று. அவனுக்கு இன்னும் ஒரு ஓவர் பாக்கி. வேறு யாரிடமாவது கொடுத்து அந்த ஒரு ஓவரை ஓட்டிவிட வேண்டும். சுற்றிப் பார்க்கிறேன், மற்ற ஏழு பேரில் ஒருத்தன் கீப்பர், ஆறு பேருக்குக் கையைச் சுற்றக்கூடத் தெரியாது. ஐந்தாவதாகப் பந்து போடத் தெரிந்தவன் கரையில் புங்கமரத்தடியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் ஜெராக்ஸ் கமிட்டியிடம் இல்லை. அவனும் என்னைப் பார்த்தான், பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். அதே பவுலரிடமே பந்தைக் கொடுத்தேன், 19 போயிற்று. மேட்ச் முடிந்து நோட்டை வாங்கிப் பார்த்தால் அந்த இரண்டு ஓவருக்கும் வைடு உள்பட ஒவ்வொரு பந்தும் அழகாக எழுதியிருந்தான், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. அஸ்வினே இந்த விதிக்கு ஆதரவாகப் பேசியவர். துருவ் ஜுரெல் 2023-ல் ராஜஸ்தானுக்கு இம்பாக்ட் பிளேயராகத்தான் முதன்முதலில் இறங்கி 15 பந்தில் 32 அடித்தார், அடுத்த வருஷம் டெஸ்டில் ஆடினார். 2024-ல் சென்னையில் நடந்த இரண்டாவது குவாலிஃபையரில் ஷாபாஸ் அகமது அதே மாதிரி வந்து மூன்று விக்கெட் எடுத்து ஹைதராபாத்தை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். ஷாபாஸ் ஆல்ரவுண்டர்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், பதில் என்னிடம் இல்லை. ஸ்கோர் ஏறியதற்கும் விதி மட்டும் காரணமில்லை. 2013-ல் பெங்களூரு அடித்த 263-ஐ அத்தனை வருஷம் யாரும் தொடவில்லை, 2024-ல் ஹைதராபாத் 277, அப்புறம் 287 என்று போனது. பிட்ச் அப்படி, பேட் அப்படி, பையன்கள் பயிற்சி எடுக்கிற விதம் அப்படி. எட்டாவது வரை அடிக்க ஆள் இருக்கிறான் என்ற தைரியத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு, எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பன்னிரண்டாவது ஆள் எப்போதுமே இருந்தான். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருத்தன் ஜோக்கர், இரண்டு பக்கமும் பேட் பிடிப்பான். வந்த பையன் யாரும் திரும்பிப் போகக் கூடாது என்று வைத்த விதி அது. அதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

சையது முஷ்டாக் அலி கோப்பையில் 2024-25-லேயே இதை எடுத்துவிட்டார்கள். ஐபிஎல்லில் 2027 வரை இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த வருஷம் பேர் கொடுக்கப் போனபோது பக்கத்து ஊர் கமிட்டியிடமும் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தேன். “ஐபிஎல்ல எடுக்கட்டும்ணே, நாங்களும் எடுத்துடறோம். ஜூன் 12 மேட்டூர் தொறந்தா நாலஞ்சு நாள்ல ஆத்துல தண்ணி வந்துரும், அதுக்குள்ள ஃபைனல முடிக்கணும். பன்னெண்டு ஜெராக்ஸ மொதல்ல எடுங்க” என்றார்கள்.

கொடுத்தேன். பன்னிரண்டில் தம்பியுடையதும் இருக்கிறது. 31 அடித்த பையன் மூன்று நாளாக போனை எடுக்கவில்லை.