முழங்காலும் தோளும் ஒத்துழைக்காத வயதில் எந்த வாஷிங் மெஷின்?

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 64. மதுரையில் சொந்த வீட்டில், முதல் மாடியில் வசிக்கிறோம். பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஓய்ந்துவிட்டது. மகன் ஃப்ரன்ட் லோடு (முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடுவது) வாங்கச் சொல்கிறான், சுமார் 33,000 ரூபாய். கடைக்காரர், 'வயதானவர்கள் குனிய வேண்டாம், 19,000 ரூபாய்க்கு டாப் லோடு (மேலிருந்து துணி போடுவது) போதும்' என்கிறார். மனைவி உயரம் நான்கடி பத்து அங்குலம், முழங்கால் வலி உண்டு, வலது தோளும் இறுக்கமாகிவிட்டது. போர் தண்ணீர்தான். சேமிப்புக் கணக்கில் 70,000 ரூபாய், மருத்துவச் செலவுக்கென்று 3 லட்சம் எஃப்.டி., மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் இருக்கிறது. அது போட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. எதை வாங்குவது? தவணையில் வாங்கலாமா, சேமிப்புத் திட்டத்திலிருந்து கொஞ்சம் எடுக்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு ஃப்ரன்ட் லோடுதான். ஆனால் அதை வெறும் தரையில் வைக்கக் கூடாது. கொத்தனாரை வைத்து ஒன்றேகால் அடி உயர மேடை கட்டி, அதன்மேல் வைப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். மேடைக்கு இடமில்லை என்றால் கடைக்காரர் சொல்வதே சரி.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் 14,000 ரூபாய். தண்ணீர் மிச்சமாகி இந்தப் பணம் திரும்பி வந்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். வாரம் நான்கு முறை துவைத்தால் வருடத்துக்கு சுமார் 200 முறை. ஒரு முறைக்கு 60 லிட்டர் மிச்சம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 12,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரி. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது ஓரளவு பணம். சொந்த போரில் அந்தத் தண்ணீரை ஏற்றும் மின்செலவு சொற்பம். மாறாக, ஃப்ரன்ட் லோடில் உள்ள ஹீட்டரைப் பயன்படுத்தி 40 டிகிரியில் துவைத்தால் ஒரு முறைக்கு முக்கால் யூனிட்கூடப் போகலாம். இரண்டு மாத மின்கணக்கில் 25 யூனிட் வரை ஏறலாம். இலவச யூனிட் அளவைத் தாண்டியவர்களுக்கு அது பில்லில் தெரியும். ஆகவே சிக்கனம் என்ற காரணத்துக்காக ஃப்ரன்ட் லோடு வாங்காதீர்கள். அந்த 14,000 ரூபாயை உங்கள் மனைவியின் தோளுக்கும் முழங்காலுக்கும் கொடுக்கிறீர்கள். அந்தக் கணக்கில் அது நியாயமான விலை.

டாப் லோடில் குனிய வேண்டாம் என்பது உயரமானவர்களுக்குப் பொருந்தும். மெஷினின் உயரம் 90 முதல் 105 செ.மீ. வரை. துணியோ அதற்குள் அரை மீட்டருக்கும் கீழே, தொட்டியின் அடியில் கிடக்கும். நான்கடி பத்து அங்குலம் உள்ளவர் விளிம்பில் நெஞ்சை அழுத்தி, குதிகாலைத் தூக்கித்தான் கடைசிக் கைக்குட்டையை எடுக்க முடியும். போதாததற்கு, டாப் லோடு துணிகளைச் சுழற்றி முறுக்கும். சேலையும் வேட்டியும் பின்னிக்கொண்டு மொத்தமாக வரும். அந்த ஈரச் சுமையை மேல்நோக்கி இழுக்கும் வேலை முழுக்கத் தோளுக்குத்தான். எலிக்கும் தண்ணீருக்கும் பயந்து டாப் லோடின் அடியில் ஸ்டாண்டு வைக்கிறார்கள். குள்ளமானவர் புழங்கும் வீட்டில் அது சிரமத்தை இன்னும் கூட்டும்.

தரையில் வைத்த ஃப்ரன்ட் லோடும் நல்லதல்ல. கதவின் கீழ் விளிம்பு முழங்கால் மட்டத்தில்தான் இருக்கும். முன்புறம் வளைந்தபடி கனத்தைத் தூக்குவது முதுகெலும்புக்கு மிக ஆபத்தான நிலைகளில் ஒன்று. எலும்பு தேய்ந்த பெண்களுக்கு அதில் முதுகெலும்பு முறிவுகூட வரலாம். நிமிரும்போது தலைசுற்றல் வருபவர்களுக்கும் ஆகாது. 35 முதல் 40 செ.மீ. மேடை போட்டால் கதவு இடுப்பு மட்டத்துக்கு வந்துவிடும். கூடையை ஒரு ஸ்டூலில் வைத்து, நின்றபடியே துணியை வெளியே வாரலாம்.

இன்னொரு லாபம் கீழே இருக்கும் சின்ன மூடிக்குப் பின்னால். ஃப்ரன்ட் லோடின் வலது அடி மூலையில் பெரும்பாலும் டிரெய்ன் பம்ப் ஃபில்டர், அதாவது கழிவுநீர் வெளியேறும் பம்பின் வடிகட்டி, இருக்கும். சில்லறைக் காசு, ஹேர்பின், சட்டைப் பொத்தான், நூல் திரி எல்லாம் அங்கேதான் சேரும். மாதம் ஒரு முறை சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் வெளியேறாமல் மெஷின் நடுவழியில் நிற்கும். பக்கத்தில் உள்ள சிறு குழாயை இழுத்து, அடைப்பானைக் கழற்றி, ஒரு தட்டில் தண்ணீரை வடித்த பிறகே ஃபில்டரைத் திருக வேண்டும். நேராகத் திருகினால் தேங்கிய தண்ணீர் தரையெல்லாம் ஓடும், அந்த ஈரத்தில் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. தரையில் வைத்த மெஷினில் இதற்கு மண்டியிட வேண்டும். மேடைமேல் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்.

மேடையை செங்கல்லில், 70க்கு 70 செ.மீ. அளவில் கட்டச் சொல்லுங்கள். மெஷின் 60 முதல் 70 கிலோ எடை இருக்கும்; நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழலும்போது சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டு தாங்காமல் நகரும். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான சிமென்ட் பூச்சே போதும். முன்விளிம்பில் அரை அங்குலத் தடுப்பு எழுப்பச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு கால்களின் லாக் நட்டையும் இறுக்க வேண்டும். கூலியும் பொருளும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடியும். கழிவுநீர்க் குழாயில் பிளம்பர்கள் அடிக்கடி தவறு செய்கிறார்கள். மேடையிலிருந்து நேராகத் தரைச் சல்லடைக்கு இறக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே நிற்காமல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், மெஷின் திரும்பத் திரும்ப நீர் பிடிக்கும். குழாயை மெஷினின் அடியிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் ஏற்றி, கொக்கியில் மாட்டிய பிறகே கீழே இறக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் முதல் மாடியில் இருக்கிறீர்கள், தண்ணீர்த் தொட்டி தலைக்கு நேர்மேலேயே இருந்தால் தண்ணீர் அழுத்தமாக வராது. மெஷின் வைக்கப்போகும் இடத்துக் குழாயில் 10 லிட்டர் வாளி பிடித்துப் பாருங்கள். நிறைய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அழுத்தம் குறைவு என்று கொள்ளலாம். ஃப்ரன்ட் லோடு தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நிற்கக்கூடும். சிறிய பிரஷர் பம்ப் வைக்க 5,000, 6,000 ரூபாய் கூடுதலாகும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்து முடிவெடுங்கள்.

போர் தண்ணீரின் உப்பு ஹீட்டரிலும் டிரம்மிலும் படியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, துணி போடாமல், உப்புப் படிவை நீக்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டு, டிரம்மையே கழுவும் 'டப் கிளீன்' புரோகிராமைச் சூடான நீரில் ஓட்டுங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். துவைத்து முடிந்ததும் கதவு ஓரத்து ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவை விரலளவு திறந்து வையுங்கள். மூடியே வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும், ரப்பரை மாற்ற சில ஆயிரம் ரூபாய் ஆகும். சோப்புத்தூளும் சாதாரணத் தூளாக இருக்கக் கூடாது. ஃப்ரன்ட் லோடுக்கான, நுரை குறைந்த ரகமே வேண்டும்.

துவைத்த பிறகு துணி எங்கே காய்கிறது? மொட்டை மாடி என்றால் எனக்கு மெஷினைவிட அந்தப் படிக்கட்டுதான் கவலை. டாப் லோடு பொதுவாக 700 சுற்றில் பிழியும், ஃப்ரன்ட் லோடு 1,000 முதல் 1,400 வரை. நான்கு கிலோ பருத்தித் துணியில் சுமார் ஒரு கிலோ தண்ணீர் குறைவாக நிற்கும். அவ்வளவு பிழிந்த துணி பால்கனியிலேயே காய்ந்துவிடும். கயிறு இழுத்து மேலே ஏற்றும் சீலிங் ஹேங்கர் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். நீங்களே கயிற்றை இழுத்துக் கொடுங்கள், உங்கள் மனைவியின் தோளுக்கு அந்த வேலையும் வேண்டாம்.

மாடலைப் பொறுத்தவரை 7 கிலோ போதும். தொடுதிரை வேண்டாம், திருகும் குமிழும் அழுத்தினால் 'டக்' என்று தெரியும் பட்டனும் உள்ளதாகப் பாருங்கள். மின்சாரம் போனால் கதவு பூட்டியே இருக்கும். கைப்பிடியை இழுத்தால் பூட்டு உடையும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மோட்டாருக்கு 10 வருட வாரண்டி என்பதில் மயங்காதீர்கள். முதலில் செலவு வைப்பவை சர்க்யூட் போர்டு, கதவுப் பூட்டு, பம்ப், ரப்பர். கூடுதல் வாரண்டி எடுப்பதானால் தயாரிப்பு நிறுவனத்தினுடையதை, அதிலும் போர்டு அடங்கியிருந்தால் மட்டும் எடுங்கள்.

மேடைக்கு வழியில்லை என்று முடிவானால், 6.5 அல்லது 7 கிலோ டாப் லோடு எடுங்கள். 9, 10 கிலோ என்றால் தொட்டி இன்னும் ஆழமாகும். துணிகளை இரண்டு மூன்று வலைப்பைகளில் பிரித்துப் போட்டால் பையைப் பிடித்துத் தூக்கிவிடலாம், பின்னிக்கொள்ளவும் செய்யாது. மறுபடி செமி ஆட்டோமேட்டிக் மட்டும் வேண்டாம். ஈரத்துணியைத் தொட்டி மாற்றுவதும் தரையில் தண்ணீர் சிந்துவதும் இந்த வயதுக்கு ஆகாதவை.

பணத்துக்கு, மூத்த குடிமக்கள் திட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, கணக்கை முழுதாக மூட வேண்டும். இரண்டு வருடம் தாண்டியிருப்பதால் 1 சதவீதம் பிடிப்பார்கள், 15 லட்சத்துக்கு 15,000 ரூபாய். மெஷின் விலையில் ஏறக்குறைய பாதி அது. நீங்கள் 8.2 சதவீதத்தில் போட்டிருந்தால் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வட்டி வரும். ஆகவே மெஷினுக்கும் மேடைக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து கொடுங்கள், அடுத்த வட்டியில் அந்தப் பள்ளத்தை நிரப்புங்கள். எஃப்.டி. அப்படியே இருக்கட்டும். 'நோ காஸ்ட்' தவணையில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான். தவணை விலை, ரொக்க விலை இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். கையில் பணம் இருக்கும்போது தவணை எதற்கு?

மெஷின் வந்து பொருத்தும் நாளில் பின்பக்கத்தில் உள்ள டிரான்சிட் போல்ட்டுகளை (வழியில் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்பவை), பெரும்பாலும் நான்கு, கழற்றிவிட்டார்களா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் மேடையிலிருந்தே குதிக்கும். கழற்றியவற்றை ஒரு கவரில் போட்டு பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வேறு இடத்துக்கு மெஷினைத் தூக்கும்போது அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும்.