36 வயதில் கிளிப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல் இருக்கிறது. கீழ் முன்பற்களும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சிரிக்கும்போது கை தானாக வாயை மறைக்கிறது. கிளிப் போடட்டுமா என்று கேட்டால், "இந்த வயதில் யாருக்குக் காட்ட?" என்கிறார்கள் வீட்டில். இது நோயா, வெறும் அழகுப் பிரச்சினையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நோய் இல்லை. அபூர்வமும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஏறத்தாழ 56 சதவீதத்தினருக்கு, பல் வரிசையிலோ கடிப்பிலோ ஏதோ ஒரு பிசகு இருக்கிறது. கச்சிதமான வரிசைதான் சிறுபான்மை! தாடை சிறியதாகவும் பற்கள் பெரியதாகவும் அமைந்துவிட்டால் நெரிசல்தான். பால் பல்லைச் சொத்தையால் முன்கூட்டியே இழப்பது, விரல் சூப்புவது போன்றவையும் காரணமாகலாம். கீழ் முன்பற்கள் வயது ஏற ஏற இன்னும் நெருங்குவதும் இயல்பு. ஞானப்பல் மீது பழி போடுவதற்குப் போதிய ஆதாரம் கிடையாது.

கிளிப் போட வருகிறவர்களில் பெரும்பாலோர் தோற்றத்துக்காகத்தான் வருகிறார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வாய்விட்டுச் சிரிக்க விரும்புவது நியாயமான காரணம்தான். "யாருக்குக் காட்ட" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம்.

ஆனால் கண்ணாடி முன் நின்று ஒன்றைப் பாருங்கள். கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்தபடி உதடுகளை விரியுங்கள். கீழ் முன்பற்கள் மேலண்ணத்து ஈறில் குத்துகின்றனவா? ஏதாவது ஒரு பல்லின் விளிம்பு மட்டும் தேய்ந்தோ சிதைந்தோ இருக்கிறதா? மேற்பல் ஏதாவது கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக விழுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விஷயம் அழகோடு நிற்கவில்லை. இல்லையென்றால், நெருக்கத்துக்குள் பிரஷ் நுழையாமல் அழுக்கு தங்குவதுதான் உங்கள் முதல் கவலை. "கிளிப் போடாவிட்டால் பல்லெல்லாம் சொத்தையாகிவிடும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நன்றாகத் துலக்கினால் கோணல் பல்லும் ஆயுசுக்கும் உழைக்கும்.

வயது ஒரு தடையே இல்லை. மெல்லிய அழுத்தம் தொடர்ந்து இருந்தால், பல்லின் ஒரு பக்கத்தில் எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக உருவாகும், பல் நகரும். 36 வயதிலும் இது நடக்கும். ஈறு மட்டும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை, பிறகுதான் கிளிப்.

பல் சீரமைப்பு நிபுணரிடம் போகும்போது, இடம் உண்டாக்கப் பல் பிடுங்க வேண்டுமா என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். அது முடிந்தபின், நகர்த்திய பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும் கருவியான ரீட்டெய்னர் போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பற்களுக்குப் பழைய இடத்துக்குத் திரும்பும் புத்தி உண்டு. இரவில் அதை மாட்டிக்கொள்ளச் சோம்பல்பட்டால் செலவழித்த பணம் வீண்.