இரண்டு கிளாஸை அருகருகே வையுங்கள்

வாசகர் கேள்வி–பதில்

திருச்சியில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். அப்புறம் எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் சாராயம் வடிக்கும் தொழிலையே முறையாகப் படித்தேன். இப்போது 11 வருடமாக ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் ஒரு டிஸ்டிலரியில் வேலை. ஸ்காட்ச் விஸ்கி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் என்னிடம் தந்தார். எங்கள் கம்பெனி சரக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன், அது முறையல்ல. மற்றபடி மனதில் பட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

எடின்பரோவில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன், வயது 23. நண்பர்கள் ஒரு விஸ்கி பாருக்குக் கூட்டிப்போனார்கள். குடித்ததும் தொண்டை எரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் தேன் என்கிறார்கள், ஆப்பிள் என்கிறார்கள். என் நாக்கில் கோளாறா? எங்கிருந்து தொடங்குவது?
வாசகர், எடின்பரோ

உங்கள் நாக்கு நன்றாகவே இருக்கிறது. குடித்த விதம்தான் சரியில்லை. ஊரில் நாம் பார்த்து வளர்ந்தது ஒரே மடக்கில் விழுங்கி, முகத்தைச் சுளித்து, ஊறுகாயைத் தொட்டு நக்கும் குடி. அங்கே வாசனைக்கு வேலையே இல்லை. இங்கே பாதிக்கு மேல் மூக்கின் வேலை.

வாய் குறுகிய கிளாஸாகக் கேளுங்கள். கிளென்கெய்ர்ன் கிளாஸ் என்றால் எந்த பாரிலும் தெரியும். மூக்கை உள்ளே விடாமல் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். வாய் மூடியிருந்தால் ஆல்கஹால் நெடி மூக்கை அடைத்துவிடும். முதல் வாய் அரை ஸ்பூன் போதும், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது வாயிலிருந்துதான் விஸ்கி பேச ஆரம்பிக்கும்.

அதைவிட முக்கியம், ஒரே ஒரு விஸ்கியைக் குடித்து யாரும் விஸ்கி கற்றதில்லை. ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கரி கலந்தது, கலக்காதது இரண்டையும் வேறு வேறு நாளில் குடித்தால் இரண்டுமே வெறும் காபிதான். டம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் காபியே குடிக்காதவர்கூட வித்தியாசம் சொல்லிவிடுவார். விஸ்கியும் அப்படித்தான். கிளென்மோரஞ்சி ஒரிஜினல் ஒன்று, பல்வேனி டபுள்வுட் 12 ஒன்று, தலா 25 மில்லி வாங்கி நண்பரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வளர்ந்தது, அதில் வெனிலாவும் ஆரஞ்சுத் தோலும் வரும். இரண்டாவது பர்பன் பீப்பாயில் வளர்ந்து கடைசியில் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் பீப்பாய்க்கு மாறியது, அதில் தேனும் உலர்திராட்சையும் வரும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் ஸ்காட்ச்சில் பாதி பிடிபட்ட மாதிரி.

இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வடிக்கும் கூடத்தில் ஒரு மூத்த தொழிலாளி என் உள்ளங்கையில் நாலு சொட்டு புதுச் சாராயத்தை விட்டு, இரண்டு கையையும் தேய்க்கச் சொன்னார். தேய்த்ததும் ஆல்கஹால் பறந்துவிட்டது. கையை மூக்கருகே கொண்டுபோனேன். அப்படியே ஹார்லிக்ஸ் வாசனை! முளைகட்டிய வாற்கோதுமைதான் இரண்டுக்கும் ஆதாரம், வேறு எப்படி இருக்கும்? பாரில் கிளாஸின் அடியில் தங்கும் கடைசிச் சொட்டை வைத்து நீங்களும் செய்து பாருங்கள்.

கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12. எது உசத்தி?
வாசகர், சிங்கப்பூர்

இரண்டும் ஸ்பேசைடு, இரண்டும் 40 சதவீதம், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளென்ஃபிடிக்கில் பேரிக்காய் வாசனை தூக்கலாக இருக்கும். கிளென்லிவெட்டில் அன்னாசியும் வெனிலாவும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் கிளென்ஃபிடிக் சீக்கிரம் மெலிந்துவிடுகிறது, கிளென்லிவெட் தாக்குப்பிடிக்கிறது. அதனால் என் ஓட்டு கிளென்லிவெட்டுக்கு.

ஆனால் கிளென்ஃபிடிக்குக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அதுவரை வெளியுலகுக்குத் தெரிந்தது பெரும்பாலும் பிளெண்ட், அதாவது பல டிஸ்டிலரிகளின் விஸ்கியைக் கலந்தது. 1963-ல் ஒரே டிஸ்டிலரியில் வடித்த சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே துணிந்து விற்கக் கிளம்பியவர்கள் அவர்கள். கிளென்லிவெட்டின் கதை அதற்கும் பழையது. 1823-ல் கலால் சட்டம் மாறியதும் அடுத்த வருடமே ஜார்ஜ் ஸ்மித் லைசென்ஸ் வாங்கினார். சுற்றிலும் இருந்த கள்ளச்சாராயக்காரர்களுக்கு அது ஆகவில்லை. அவர்கள் கொளுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடுதான் நடமாடினார்.

லஃப்ராய்க் வாங்கினேன். டெட்டால் வாசனை அடிக்கிறது! பாட்டில் கெட்டுப்போய்விட்டதா? இதை எப்படி விரும்பிக் குடிக்கிறார்கள்?
வாசகர், டொராண்டோ

கெடவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைப்போமே, மால்ட் என்பது அதே வேலைதான். வாற்கோதுமை முளைவிட்டதும் அதைச் சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்த வேண்டும். லஃப்ராய்க் வடிக்கும் ஐலா தீவு ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கிறது. அங்கே விறகுக்கு மரம் குறைவு, பீட் மண் ஏராளம். பல்லாயிரம் வருடமாகப் பாசியும் புல்லும் மட்கி இறுகிய மண் அது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளரும். செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரித்தால் அடர்ந்த புகை வரும். அந்தப் புகையில் இருக்கும் ஃபீனால்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. டெட்டாலின் நெடியும் ஃபீனால் வகைதான், அதனால்தான் உங்கள் மூக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மூக்கைக் குறை சொல்லாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது.

ஐலாவுக்கு நான் முதலில் போனது ஒரு நவம்பரில். கென்னாக்ரெய்கிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போர்ட் எலன் ஊரிலிருந்து ஒரு நடைபாதை கிளம்புகிறது. சுமார் ஐந்து கிலோமீட்டருக்குள் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் வரிசையாகக் கடலோரத்தில். லஃப்ராய்க் தன் மால்ட்டில் ஒரு பகுதியை இன்றும் தானே தயாரிக்கிறது. அன்று அங்கே பீட் எரிந்துகொண்டிருந்தது. உப்புக்காற்று, கடல்பாசி வாடை, அதோடு அந்தப் புகை. எனக்கு நாகப்பட்டினத்துப் பெரியம்மா வீட்டுப் பின்கட்டு நினைவு வந்தது, விறகடுப்புத் தணலில் கருவாடு சுடும் சாயங்காலம். அதற்கப்புறம் லஃப்ராய்க் எனக்கு ஆஸ்பத்திரியாக இருந்ததே இல்லை.

உங்களுக்கு அந்த நினைவு இல்லாமல் இருக்கலாம். கட்டாயமே இல்லை, இந்தப் புகை வாசனையே ஆகாத நல்ல குடியர்கள் நிறையப் பேர். ஆனால் பாட்டிலை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் மூடி வையுங்கள். நடுவில் ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 ஒரு கிளாஸ் குடித்துப் பாருங்கள். அதில் புகை பாதிதான், முடிவில் நுனிநாக்கில் மிளகு காரம். அது பிடித்தால் லஃப்ராய்க்கை மறுபடி திறக்கலாம்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு விஸ்கி வாங்க வேண்டும். 18 வருடப் பாட்டில் 12-ஐவிட நல்லதுதானே?
வாசகர், சென்னை

பழையது. நல்லதா என்பது அப்பாவின் நாக்கைப் பொறுத்தது.

லேபிளில் இருக்கும் எண், பாட்டிலில் உள்ளவற்றில் வயது குறைந்த விஸ்கியின் வயது. சட்டப்படி 3 வருடமாவது ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது, அதை இங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்தக் கணக்கில் 12 வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கும், 18 வருடத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதமும் காணாமல் போகும். விலை ஏறுவதற்கு அது ஒரு பெரிய காரணம். வயது ஏற ஏற மரத்தின் குணம் கூடும், தானியத்தின் குணம் பின்னால் போகும். புகை உள்ளதில் புகையும் தணியும். அப்பாவுக்குச் சுள்ளென்று இருந்தால் பிடிக்குமா, மெத்தென்று இருந்தால் பிடிக்குமா? மெத்தென்று என்றால் 18 வாங்குங்கள். சுள்ளென்று என்றால் நல்ல 12 வாங்கி, மிச்சப் பணத்தில் அவருக்கு ஒரு ஜோடி நல்ல கிளாஸும் வாங்குங்கள்.

நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

20 வருடமாக ஜானி வாக்கர் பிளாக் லேபிள்தான் குடிக்கிறேன். சிங்கிள் மால்ட் குடிக்கும் மருமகன் அதை மட்டமாகப் பேசுகிறார்.
வாசகர், கோயம்புத்தூர்

மருமகனிடம் இதைக் காட்டுங்கள். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே டிஸ்டிலரியில், மால்ட் செய்த வாற்கோதுமை மட்டும் சேர்த்து வடித்தது. பிளெண்ட் என்றால் பல மால்ட்டுகளும் கோதுமை, மக்காச்சோளம் போன்றவற்றில் வடித்த கிரெயின் விஸ்கியும் கலந்தது. ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு குணத்தில் இருக்கும். அவற்றைக் கலந்து வருடா வருடம் ஒரே ருசியைக் கொண்டுவருவது பெரிய வித்தை. நானும் முயன்றிருக்கிறேன், அது சுலபமே இல்லை. பிளாக் லேபிளின் கடைசியில் வரும் மெல்லிய புகையை ஒரு தடவை கவனித்துக் குடியுங்கள்.

ஜானி வாக்கர் விஸ்கிகளில் கலக்கும் மால்ட்டுகளில் கார்டூ முக்கியமானது. அந்த டிஸ்டிலரியை ஆரம்ப நாளில் நடத்தியவர் ஹெலன் கம்மிங். கலால் அதிகாரிகள் வந்தால் சிவப்புக் கொடியைப் பறக்கவிட்டு அக்கம்பக்கத்து வடிப்பாளர்களை எச்சரித்த பெண்மணி. பிற்பாடு அதை வளர்த்தெடுத்தவர் அவருடைய மருமகள் எலிசபெத். 1893-ல் அவரிடமிருந்துதான் வாக்கர் கம்பெனி அதை வாங்கியது. இந்தக் கதையை மருமகனுக்குச் சொல்லிவிட்டு, அவருடைய மால்ட்டையும் உங்கள் பிளாக் லேபிளையும் அருகருகே ஊற்றுங்கள்.

தண்ணீர் கலந்தால் கேலி செய்கிறார்கள். ராவாகத்தான் குடிக்க வேண்டுமா?
வாசகர், யாழ்ப்பாணம்

கேலி செய்பவர்கள் டிஸ்டிலரிக்குள் வந்ததில்லை. நாங்கள் வேலையில் மோந்து பார்ப்பதே தண்ணீர் கலந்து, 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான். சில துளி தண்ணீர் வாசனையை மேலே கொண்டுவரும். ஐஸ் அதை உள்ளே அமுக்கும். வெயில் நாளில் ஐஸும் சோடாவும் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதற்கு விலை உயர்ந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம்?
வாசகி, துபாய்

பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வருடம் தாராளமாக. கால்வாசிக்குக் கீழே போனால் இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள், காற்று ருசியை மந்தமாக்கும். நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் கார்க் அரித்துப்போகும். வெயிலும் படக்கூடாது.

என் கணவர் வார இறுதியில் அரை பாட்டில் சிங்கிள் மால்ட் குடிக்கிறார். கேட்டால் 'டேஸ்டிங்' என்கிறார்.
வாசகி, லெஸ்டர்

சகோதரி, அரை பாட்டில் என்றால் 350 மில்லி. 40 சதவீதத்தில் அது 14 யூனிட் (ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால்). ஒருவர் ஒரு வாரம் முழுக்கக் குடிப்பதற்கே பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் சொல்லும் உச்ச அளவு அது. அதையும் மூன்று நாளிலோ அதற்கு மேலோ பரப்பிக் குடிக்கச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் தீர்த்தால் அது டேஸ்டிங் இல்லை. மூன்றாவது பெக்குக்கு மேல் எனக்கே வாசனை பிரித்துச் சொல்ல வராது, இத்தனைக்கும் அதுதான் என் தொழில். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேஜையில் வையுங்கள். குறைக்க முடியவில்லை என்று அவரே சொன்னால், உடனே உங்கள் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்குப் பிடித்த மூன்றைச் சொல்லுங்கள், வரிசைப்படுத்தி.
வாசகர், கோலாலம்பூர்

ஸ்பிரிங்பாங்க் 10, டாலிஸ்கர் 10, கிளென்ட்ரோனக் 12. அந்த வரிசையில்.

கிளென்ட்ரோனக் முழுக்க ஷெர்ரி பீப்பாய். பேரீச்சை, கருப்பட்டி, கிறிஸ்துமஸ் கேக். மழை பெய்யும் இரவுக்கு அது. ஆனால் முதல் வாயில் என்னவோ அதேதான் கடைசி வாயிலும். டாலிஸ்கர் கடலும் மிளகும். குடித்து முடித்த பிறகும் காரம் நின்று பேசும், அதனால் அதற்கு மேலே. ஸ்பிரிங்பாங்க் கேம்பெல்டவுனில் இருக்கிறது. ஒரு காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட டிஸ்டிலரிகள் இருந்து, பெரும்பாலானவை மூடிப்போன சின்னத் துறைமுக ஊர் அது. தனக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் இன்றும் தரையில் பரப்பி, ஆள் வைத்துப் புரட்டித் தானே தயாரிக்கிறார்கள். எண்ணெய் பூசின மாதிரி நாக்கில் படியும். முதலில் எலுமிச்சை, பிறகு உப்பு, கடைசியில் எங்கோ அடுத்த தெருவில் யாரோ சருகு கொளுத்துகிற மாதிரி ஒரு புகை. கடைகளில் எளிதில் கிடைக்காது. கிடைத்தால் ஒன்று வாங்கி வையுங்கள்.

ஜூலையில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து வருகிறோம். நான் குடிப்பதில்லை. கணவருக்காக டிஸ்டிலரி போனால் எனக்கு அங்கே என்ன இருக்கிறது?
வாசகி, மதுரை

நிறைய இருக்கிறது. என் மனைவியும் ஒரு துளி குடிப்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மூக்கு அவருடையதுதான். ஒருநாள் ஒரு பர்பன் பீப்பாய் மாதிரியை நீட்டினேன். மோந்து பார்த்ததுமே, "தேங்காய் பர்பி" என்றார். அமெரிக்க ஓக் மரத்தில் உள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருட்களுக்குத் தேங்காய் வாசனை உண்டு. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு மூச்சில் சொன்னார்.

கிரெய்கெலகி ஊரில் ஸ்பேசைடு கூப்பரேஜ் என்ற பீப்பாய்ப் பட்டறை இருக்கிறது. மாடத்தில் நின்று பார்க்கலாம். ஆணியும் பசையும் இல்லாமல் பலகைகளை வளையத்துக்குள் அடித்து இறுக்குகிறார்கள், சுத்தியல் சத்தம் காதை அடைக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். டிஸ்டிலரிக்குள் பிள்ளைகளை விடும் வயது இடத்துக்கு இடம் மாறும், புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கார் உங்கள் கணவர்தான் ஓட்டுகிறார் என்றால் அவர் அங்கே ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். 2014 முதல் ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கான ஆல்கஹால் வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு. பல டிஸ்டிலரிகளில் டிரைவரின் பங்கைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம், பழைய மாதிரி கிடங்கு இருந்தால் தவறவிடாதீர்கள். மண் தரை, தடித்த கல்சுவர், மூன்றடுக்குப் பீப்பாய்கள். கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் மரமும் பழமும் கலந்து ஒரு வாசனை வரும். வழிகாட்டி பேச ஆரம்பிப்பதற்குள் கண்ணை மூடி இரண்டு மூச்சு இழுத்துவிடுங்கள்.