ஒன்பது கோல் வாங்கிய அணி

அன்புள்ள சார்,

2017இல் கொச்சியில் நடந்த கால்பந்து உலகக்கோப்பை ஆட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மூணாறில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் லயத்துப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லித் தருகிறேன். அந்த உலகக்கோப்பையில் நம் 17 வயதுக்குட்பட்டோர் அணி மூன்று ஆட்டமும் தோற்றது, 9 கோல் வாங்கி 1 கோல் போட்டது. "இந்தியா எதில்தான் ஜெயித்தது மாமா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பையன்கள் 15 வயது வரை நன்றாக ஆடுகிறார்கள். 18 ஆனால் காணாமல் போகிறார்கள். போன வருடம் ஒருவனைச் செலக்‌ஷனுக்குக் கூட்டிப் போனேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு சிறிய பையன்களுக்கு உலகக்கோப்பை நடத்தி என்ன பயன் சார்?

ஒரு வாசகர், மூணாறு

அன்புள்ள தம்பி,

முதலில் பையன்களின் கேள்வி. இந்தியா ஜெயித்திருக்கிறது. 1974இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2-2 என்று சமன் செய்து, கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. நம் அணியின் கேப்டன் ஹைதராபாத்துக்காரர் ஷபீர் அலி. ஆசிய அளவில் நம் இளைஞர் அணி கோப்பையைத் தொட்டது அந்த ஒரு முறைதான். ஆனால் அந்தப் பையன்கள் அடுத்துப் போவதற்கு ஓர் உலகப்போட்டி அப்போது கிடையாது. இளைஞர்களுக்கான முதல் உலகப்போட்டி 1977இல்தான் துனிசியாவில் தொடங்கியது. அதற்குள் அந்த அணிக்கு வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு ஃபிஃபா நடத்தும் ஒரு போட்டியில் இந்தியா கால் வைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம்.

அந்த மூன்று ஆட்டங்களும் டெல்லியில் நடந்தன. கொச்சிக்கு பிரேசில் வந்தது, ஸ்பெயின் வந்தது, ஜெர்மனி வந்தது. நம் அணி வரவில்லை. அதனால் கேரளத்தில் பலருக்கு அந்த அணி டிவியில் பார்த்த எண்களாகவே நின்றுவிட்டது. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. நீங்கள் எழுதியிருக்கும் 9 இப்படித்தான் வருகிறது. கணக்கு சரி. ஆனால் கொலம்பியா ஆட்டத்தைப் பையன்களை உட்கார வைத்து முழுசாகப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பாதி முடியப் போகும் நேரத்தில் திருச்சூர் பையன் ராகுல் அடித்த பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. அந்த அணியில் கேரளத்துக்காரர் அவர் ஒருவர்தான். அது உள்ளே போயிருந்தால் அந்த இரவே வேறாக இருந்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு கொலம்பியா ஒன்று போட்டது. 82ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து தூக்கிவிட்ட பந்தை ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். உலகக்கோப்பையில் இந்தியா போட்ட முதல் கோல். ஸ்டேடியமே எழுந்து நின்றது. அடுத்த நிமிடமே கொலம்பியா திருப்பிப் போட்டுவிட்டது.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நம் பையன்களுக்குத் திறமை இல்லாமல் அந்தக் கோல் விழவில்லை. கோல் போட்ட சந்தோஷம் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் பழக்கம் பயிற்சி முகாமில் வராது. கெட்டியான எதிராளியோடு, புள்ளி போகும் என்ற பயத்தோடு நிறைய ஆட்டம் ஆடியவனுக்குத்தான் அது வரும். கொலம்பியப் பையன்கள் அந்த வயதுக்குள் அப்படி எத்தனையோ ஆட்டம் ஆடிவிட்டு வந்தவர்கள். நம்மவர்கள் முகாமில் நீண்ட காலம் ஒன்றாக இருந்தார்கள், வெளிநாடுகளுக்கும் போய் ஆடினார்கள். ஆனால் சின்ன வயதிலிருந்து வாராவாரம் ஆடுகிற லீக் என்ற ஒன்று நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை.

ஜீக்சன் அந்த அணிக்குள் வந்த விதமே இதற்குச் சாட்சி. அவர் ஆரம்பத்திலிருந்து தேசிய முகாமில் இருந்தவரில்லை. பஞ்சாபில் மினர்வா அகாடமியில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த அகாடமி அணி தேசிய அணியோடு மோதி ஜெயித்துவிட்டது. அப்புறம்தான் போர்ச்சுகீசிய கோச் நோர்டன் டி மாட்டோஸ் அங்கிருந்து சிலரைச் சேர்த்துக்கொண்டார். அதில் ஒருவர் போட்டதுதான் அந்தக் கோல். உங்கள் பையன்களுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. அந்த அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள். கேப்டன் அமர்ஜித்தின் அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைப் பார்த்தவர். கொழுந்து கிள்ளும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். இளையோர் அணியைக் கோப்பையை வைத்து அளப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பையன்களில் எத்தனை பேர் 23 வயதிலும் பூட்ஸைக் கழற்றாமல் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த அளவில் 2017 அணி வீண் போகவில்லை. உலகக்கோப்பை முடிந்ததும் அவர்களைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பாமல், இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் பெரியவர்களின் ஐ-லீக்கில் இறக்கினார்கள். 10 அணி, ஆளுக்கு 18 ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டியை 3-0 என்று ஜெயித்தார்கள். சீசன் முடிவில் கடைசி இடம்தான். இருந்தாலும் 17, 18 வயதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு மோதிய அந்த ஆட்டங்கள் அவர்களை நிறுத்தின. ஜீக்சன், சுரேஷ் சிங், அமர்ஜித், அன்வர் அலி எல்லோரும் சீனியர் இந்திய அணிக்குப் போனார்கள். அன்வருக்கு இடையில் இதயக் கோளாறு என்று தெரிந்து, ஆடவே கூடாது என்றார்கள். போராடித் திரும்பி வந்தார். அந்த ஆரோஸ் அணியை 2022இல் மூடிவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

உலகக்கோப்பைக்கு மறு வருடம் நடந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2018 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் அணி ஸ்பெயினில் அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்தது. தீபக் டாங்ரி ஒன்று, அன்வர் அலி ஒன்று. எதிர்ப் பக்கம் கோச்சாக நின்றவர் லயோனல் ஸ்கலோனி. 2022இல் அர்ஜென்டினாவுக்கு உலகக்கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான். அதே நாட்களில் 16 வயதுக்குட்பட்டோர் அணி ஜோர்டானில் ஈராக்கை 1-0 என்று ஜெயித்தது. பிறகு மலேசியாவில் ஆசியப் போட்டி. வியட்நாமை ஜெயித்து, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் கோல் இல்லாமல் சமன் செய்து, காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்றார்கள். அதில் ஜெயித்திருந்தால், போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமலே உலகக்கோப்பை. முந்தின வருடம் மூன்று ஆட்டத்தில் 9 கோல் வாங்கிய நாடு, அந்தப் போட்டியில் நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் வாங்கியது. பையன்களிடம் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே சொல்லுங்கள். இப்போது 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை 48 அணிகளாகி, வருடா வருடம் நடக்கிறது. ஆசியாவில் காலிறுதிக்கு வந்தாலே இடம் உண்டு. அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால் அந்தப் பையன்கள் போயிருப்பார்கள்.

அடுத்த செட்டின் கதை இன்னும் மோசம். 2020 ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றுக் காத்திருந்தார்கள். கொரோனாவில் போட்டியையே ரத்து செய்தார்கள். அந்த வயது திரும்பி வராது. ஆனால் 2025 கடைசியில் அகமதாபாத்தில் நம் பையன்கள் ஈரானை 2-1 என்று ஜெயித்து 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். பையன்கள் கேட்ட கேள்விக்கு இதுவும் பதில்தான்.

சரி, உங்கள் மைதானத்துக்கு வருவோம். மூணாறில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. துரைமார் காலத்து பின்லே ஷீல்டுக்கு எஸ்டேட்டே திரண்டு வருகிறது. ஆனால் அது பெரியவர்களின் போட்டி. இங்கே பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பையன்களுக்கு நடப்பதெல்லாம் நாக்-அவுட். ஓர் ஆட்டம் தோற்றால் அடுத்த வருடம்தான். கொஞ்சம் நன்றாக ஆடுகிறவனை 16 வயதிலேயே ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். கையில் காசு வருவதால் அவனையும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் சின்ன மைதானத்தில் ஏழு பேராக ஆடிப் பழகியவனுக்குப் பதினொரு பேர் ஆட்டத்தின் இடம் பிடிபடுவதில்லை. 18இல் காணாமல் போகிறார்கள் என்றீர்களே, எங்கள் ஊரில் அதற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அகாடமி, ஸ்பான்சர் என்று தேடுவதற்கு முன்னால் ஒரு லீக் தொடங்குங்கள். பக்கத்து எஸ்டேட்டுகளில் ஆறு அணி போதும். ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை ஆடினால் ஆளுக்கு 10 ஆட்டம். மழை விட்டதும் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் நடத்தினால் பரீட்சைக்கு முன் முடிந்துவிடும். 13 வயதுக்கும் 15 வயதுக்கும் தனித்தனியாக வையுங்கள். ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வளர்ந்த பையனைச் சின்னவர்களோடு இறக்காதீர்கள். உலகக்கோப்பையில் மணிக்கட்டை ஸ்கேன் செய்தே வயதைப் பார்க்கிறார்கள். அங்கே போய்த் தெரிவதை இங்கேயே தவிர்க்கலாம்.

சான்றிதழ் விஷயத்தை ஒத்திப்போடாதீர்கள். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் போடியிலோ உடுமலையிலோ பாட்டி வீட்டில் நடக்கும். அங்கே தமிழ்ப் பெயரை ஒரு மாதிரி பதிவார்கள், கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் இனிஷியலை வேறு மாதிரி எழுதுவார்கள். பையன் பன்னிரண்டு வயதைத் தொடும்போதே எல்லாருடைய காகிதங்களையும் ஒரு நாள் வாங்கிப் பாருங்கள். பெயர் பொருந்தாதவர்களுக்கு அப்போதே திருத்த விண்ணப்பம் கொடுங்கள். செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பையனுக்கு இப்போது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. 16 தாண்டவில்லை என்றால் இந்த மாதமே திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அடுத்த செலக்‌ஷனுக்கு நேரம் இருக்கிறது.

நடுவருக்கு பின்லே ஷீல்டு ஆடி ஓய்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். பந்துக்கும் வலைக்கும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள், இங்கே நண்பர்களிடம் பேசுகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எது என்று முடிவானதும் சொல்லுங்கள், வருகிறேன்.